திட்டு வாங்க ஒரு ஆள்

போன ஆவணியில் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாணம். காலையில் கோயிலில் முகூர்த்தம், இரவு டேவானில், அதாவது மண்டபத்தில், விருந்து. இரண்டு இடத்துக்கும் சவுண்டு சிஸ்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் நானும் என் மச்சானும். வார நாட்களில் நான் ஈப்போவில் ஒரு டயர் கடையில் கணக்கு எழுதுகிறேன், அவர் லோரி ஓட்டுகிறார். சனி ஞாயிறு வந்தால் இரண்டு பெட்டி ஸ்பீக்கர், ஒரு மிக்சர், ஒரு பழைய லேப்டாப், கறுப்பு டேப் சுற்றிய வயர் மூட்டை எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவோம். அன்று காலை தாலி ஏறி, ஆசீர்வாதத்துக்கு வரிசை நின்ற நேரத்தில் நாயனக்காரர் கீர்த்தனையை முடித்துவிட்டு சினிமாவுக்கு இறங்கினார். இறங்கியதும் முதலில் எடுத்தது அந்தப் பாட்டைத்தான். எந்தப் பாட்டு என்று சொல்லப்போவதில்லை, பாடியவர் பெயரும் வேண்டாம். நான் சொல்லாமலேயே இந்நேரம் உங்கள் மனதில் ஒரு பெயர் வந்திருக்கும். அப்படி வந்துவிடுகிறதே, அதுதான் இங்கே விஷயம். முன்வரிசையில் பெண்ணின் பெரியப்பா, பட்டு வேட்டி, மடியில் மொய்ப் பை. கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சரணத்துக்கு நாயனம் ஏறியபோது அவர் தலையும் கூடவே ஏறி இறங்கியது.

இரவு ஒன்பதரை. சாப்பாடு முடிந்து, ஸ்லைடு ஷோ ஓடி, புரொஜெக்டரைச் சுருட்டி வைத்தாயிற்று. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஆட வேண்டும் என்று அதே பாட்டை மூன்றாவது முறை கேட்டார்கள், போட்டேன். பாதிப் பாட்டில் பெரியப்பா கையில் கிளாசோடு மேடைப் பக்கம் வந்தார். “தம்பி, வேற பாட்டே இல்லையா ஒங்கிட்ட?” மாப்பிள்ளை கூட்டாளிங்க கேட்டாங்க மாமா என்றேன். “அந்த ஆளு மூஞ்சியப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது எனக்கு” என்றார். நான் சுற்றிப் பார்த்தேன். மூஞ்சி எங்கேயும் இல்லை. திரை இல்லை, போஸ்டர் இல்லை, இரண்டு கறுப்புப் பெட்டிகள்தான் நின்றுகொண்டிருந்தன. “காலையில கோயில்ல இதே பாட்டுக்குத்தான் மாமா தொடையில தாளம் போட்டீங்க” என்று சொல்லிவிட்டேன், சொல்லியிருக்கக் கூடாதுதான். ஒரு கணம் நின்றார். “அது நாயனம்டா” என்றார். சொல்லிவிட்டு, விவகாரம் தீர்ந்துபோனதுபோலத் தன் மேசைக்குப் போய்விட்டார்.

அன்றிரவு வயர் சுருட்டும்போது மச்சானிடம் சொல்லிச் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வாக்கியம் போகவில்லை. காரணம், அந்தப் பாடகர் மேல் எனக்கும் எரிச்சல்தான். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்கிறேன். காலையில் ஒட்டுக்கடையில் பசியாறும்போது டிவியில் அவர், பாடவில்லை, வீட்டு மனை விற்கிறார். எண்ணெய் நிலையத்தில் அவர் பாட்டு. டயர் மாற்ற வந்த ஒருவருடைய போன் அடித்தால் அவர் குரல். மதியம் பங்காளி ஒருவர் வாட்சப்பில் அனுப்பும் வீடியோவில் ஒரு பூனை அவர் பாட்டுக்கு ஆடுகிறது. வீட்டுக்கு வந்தால் மகள் சோபாவில் படுத்துக்கொண்டு விரலால் தள்ளத் தள்ள அதே பதினைந்து வினாடி, வேறு வேறு ஆட்கள், அதே பதினைந்து வினாடி. யோசித்துப் பார்த்தால் அந்தப் பாட்டை முழுசாக, இடையிசை, சரணம் எல்லாம் சேர்த்து, நான் கேட்டதே அன்று காலை கோயிலில்தான். நாயனக்காரர் சரணத்தில் ஒரு இடத்தில் நின்று நிதானமாக வளைத்தார். நல்ல பாட்டு அது. எனக்கே அன்றுதான் தெரியும்.

25 முறை

மச்சானின் மகள் உளவியல் படிக்கிறாள். அவளிடம் கேட்டபோது அவள் பாடத்திலிருந்து ஒன்றைச் சொன்னாள். ராபர்ட் ஸாயன்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1968-இல் ஒரு கட்டுரை எழுதினார். அர்த்தமில்லாத சொற்கள், சீன எழுத்துபோன்ற குறிகள், முன்பின் தெரியாத ஆட்களின் புகைப்படங்கள் இவற்றை மாணவர்களுக்குக் காட்டினார். சிலவற்றை ஒரு முறை, சிலவற்றை ஐந்து முறை, அதிகபட்சம் 25 முறை. எதை அதிகம் பார்த்தார்களோ அது அதிகம் பிடித்துப்போனது. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று நம்மவர்கள் சொல்லிவைத்ததற்கு நேர் எதிர். ஆனால் அதோடு முடியவில்லை. டேனியல் பெர்லைன் என்பவர் 1970-இல் காட்டியது வேறு. பழகினால் பிடிப்பது ஓர் உச்சம் வரை ஏறும், பிறகு இறங்கும், எளிமையான விஷயமாக இருந்தால் சீக்கிரமே இறங்கும். சிக்கலான விஷயம் அதிக நாள் தாங்கும். “அத்தனை தடவ கேட்டா யாருக்கும் அலுக்கும் மாமா, இதுல என்ன இருக்கு” என்று முடித்துவிட்டாள்.

25 முறை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாண மாதமாக இருந்தால் இரண்டு வாரக் கடைசியில் எங்கள் லேப்டாப் அந்த எண்ணைத் தாண்டிவிடும். ஆனாலும் அவள் சொன்னது எனக்குப் போதவில்லை. அலுப்பு வேறு, எரிச்சல் வேறு. அலுத்த பாட்டு வந்தால் நாம் பேச்சைத் தொடர்வோம், சோற்றைப் பிசைவோம். எழுந்து வந்து “மூஞ்சியப் பார்த்தாலே” என்று சொல்ல அலுப்பு மட்டும் போதாது. மேலும், அலுப்புதான் காரணம் என்றால் நான் வளர்ந்த தோட்டத்தில் இளையராஜாவை அடித்துத் துரத்தியிருக்க வேண்டும்.

அப்பாவின் ரேடியோ செட்டு

அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர். காலையில் பெரட்டு, வெட்டு, மதியம் ஸ்டோரில் பால் நிறுத்துவது. அதற்கு மேல், தோட்டத்துக்கு ஒரே ரேடியோ செட்டு அவருடையது. ஒரு ஆம்பிளிஃபையர், ஒரு கேசட் டெக், இரண்டு கூம்பு ஸ்பீக்கர். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, மாரியம்மன் கோயில் திருவிழா எதுவானாலும் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டிவிட்டு, லயத்துக் கடைசி வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார். 1976-இல் சினிமாவுக்கு வந்த இளையராஜா எண்பதுகளில் சில ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தார். அப்பாவின் கேசட் பெட்டியில் முக்கால்வாசி அவர்தான். திருவிழா என்றால் மூன்று நாள், விடிகாலையில் தொடங்கி, தோட்டத்து ஜெனரேட்டர் இரவு பத்து மணிக்கு மூச்சை நிறுத்தும் வரை. அப்பாவுக்குப் பிடித்த கேசட் ஒன்று ஒரே நாளில் எட்டு முறை ஓடியதை நான் எண்ணியிருக்கிறேன். கதவைச் சாத்தினாலும் கேட்கும். வெளிக்காட்டு வேலையில் இருப்பவர்களுக்கும் கேட்கும். தப்பிக்கவே முடியாது. விருப்பமில்லாமல் காதில் விழுவது என்று பார்த்தால் இன்றைய போனைவிட அது பெரிய கொடுமை. போனையாவது அணைக்கலாம்.

ஜனங்கள் திட்டினார்கள், நன்றாகவே திட்டினார்கள். ராத்திரி காவலுக்குப் போய்விட்டுப் பகலில் தூங்க வேண்டிய ஜாகா வந்து திட்டுவார். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் அம்மா வந்து திட்டுவார். “ரேடியோக்காரரே, அந்தப் பாட்ட இன்னொரு தடவ போட்டீங்கன்னா வயரப் புடுங்கிப் பீலியில போட்டுருவேன்” என்று மூன்றாவது லயத்து அத்தை ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஒரு தடவை புடுங்கியே விட்டார். பீலி என்பது லயத்துக்கு நடுவில் இருக்கும் பொதுத் தண்ணீர்க் குழாய். வயர் அதில் நனைந்து, அப்பா வெயிலில் காயவைத்தார். எல்லாத் திட்டையும் அவர் ஒரே மாதிரிதான் வாங்குவார். எழுந்து நிற்பார், “சரிம்மா, சரிம்மா” என்பார், கேசட்டை மாற்றுவார். அரை மணி நேரத்தில் பழைய கேசட்டே திரும்ப வரும். அத்தை மறுபடி வருவார். இவ்வளவு நடந்தும், அந்தத் தோட்டத்தில் யாராவது இளையராஜாவைத் திட்டி நான் கேட்டதில்லை. ஒருவர்கூட இல்லை. தவறு ரேடியோக்காரர்மீது, பாட்டு என்ன செய்யும் பாவம். மறுநாள் அதே அத்தை ரப்பர் மர நிரையில் பால் மங்கு துடைக்கும்போது அதே பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.

பெரியப்பா சொன்னது அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. திட்டு ஒன்று உண்டு, அதற்கு ஒரு விலாசம் வேண்டும். அப்பா அந்த விலாசமாக இருந்தார். பாட்டுக்கும் காதுக்கும் நடுவில் பெயரும் வீட்டு எண்ணும் உள்ள ஓர் ஆள், கத்தினால் கேசட்டை மாற்றுகிற ஆள் இருந்தவரை, பாடியவரிடம் கோபம் போய்ச் சேரவேயில்லை.

அப்பாவின் வேலை எந்த நாளில் போனது என்றுகூட எனக்குத் தெரியும். 2011 நவம்பரில் ‘ஒய் திஸ் கொலவெறி’ யூடியூபில் வந்தது. அதற்கு முன்பு எந்தப் பாட்டாக இருந்தாலும் ஊருக்குள் வர அப்பாவின் கையைத் தாண்ட வேண்டும், அல்லது வானொலி அறிவிப்பாளர் கையை. இது யார் கையையும் தாண்டவில்லை. நாங்கள் குடிவந்த தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், பள்ளிக்கூடப் பையன்கள் வந்து “தாத்தா, இது இல்லையா ஒங்ககிட்ட?” என்று கேட்டபோது அவர் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கவேயில்லை. தோட்டம் விற்கப்பட்டு, லயத்தை இடித்து, நாங்கள் மலிவு விலை வீட்டுக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. படம் 2012 மார்ச் 30 அன்று திரைக்கு வந்தபோது, அதே பையன்கள் அந்தப் பாட்டைக் கிண்டலுக்குத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். நான்கு மாதம். அப்பா போட்ட கேசட் நான்கு மாதத்தில் தேய்ந்ததாக நினைவில்லை.

சிக்காகோவில் ஒரு விளையாட்டரங்கு

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது படித்ததில் ஒன்று என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. 1979 ஜூலை 12. சிக்காகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் அரங்கு. ஒரு டிஸ்கோ இசைத்தட்டு கொண்டுவந்தால் 98 காசுக்கு டிக்கெட். சேர்ந்த தட்டுகளைப் பெட்டியில் போட்டு, இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் மைதானத்தில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். சுமார் 50,000 பேர். ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் பாய்ந்து புல்லைப் பிய்த்து எறிந்ததில் இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை, சொந்த ஊர் அணி தோற்றதாக அறிவிக்கப்பட்டது. டிஸ்கோ சலித்துவிட்டது, ஜனங்கள் பொங்கிவிட்டார்கள் என்று இதைச் சுலபமாகச் சொல்வார்கள். கறுப்பினத்தவர்களும் ஓரினச் சேர்க்கையாளர்களும் வளர்த்த இசை என்ற வெறுப்பும் அதில் கலந்திருந்தது என்று பலர் பிற்பாடு எழுதியிருக்கிறார்கள். டிஸ்கோவே இல்லாத கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளும் அந்தப் பெட்டியில் கிடந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. என் கண் நின்றது இன்னொரு இடத்தில். இதை நடத்திய ஸ்டீவ் டால் ஒரு வானொலி அறிவிப்பாளர். 1978 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அவருக்கு வேலை போனது. காரணம், அவர் வேலை பார்த்த ராக் நிலையம் முழுநேர டிஸ்கோவுக்கு மாறிவிட்டது. மாற்றியது நிலையத்தின் முதலாளிகள். வெடித்தது பாடகர்களின் தட்டு. அவரும் ஒரு ரேடியோக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் எங்கள் அப்பாவுக்கு நேர் எதிர் திசையில் போன ரேடியோக்காரர்.

அந்த அலையில் அதிகம் அடிபட்டவர்கள் பீ ஜீஸ் சகோதரர்கள். 1977-78-இல் ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படத்தின் பாட்டுகள் வழியாக வானொலியில் எங்கே திருப்பினாலும் அவர்கள்தான், அவர்கள் பாடாததும் அவர்கள் எழுதியதாக இருந்தது. பிறகு அவர்கள் பெயரைச் சொன்னாலே சிரித்தார்கள், நிலையங்கள் அவர்கள் பாட்டே இல்லாத வாரக் கடைசி என்று விளம்பரம் செய்தன. அப்போது அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எழுதிக்கொண்டே இருந்தார்கள், மற்றவர்களைப் பாடவைத்தார்கள். 1980-இல் பார்பரா ஸ்ட்ரைசாண்ட் பாடிய ‘உமன் இன் லவ்’, 1983-இல் கென்னி ரோஜர்ஸும் டாலி பார்டனும் பாடிய ‘ஐலண்ட்ஸ் இன் த ஸ்ட்ரீம்’ இரண்டும் அமெரிக்காவில் முதலிடம். அதே கை, அதே வளைவு. முகம்தான் வேறு. இதைப் படித்த இடத்தில் நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன்: அது நாயனம்டா.

அதன்பிறகு எங்கே பார்த்தாலும் இதே கணக்குதான் தெரிகிறது. டெய்லர் ஸ்விஃப்ட் 2023 கடைசியில் காதலர் ஆடும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களுக்குப் போனபோது, டிவியில் அவரைக் காட்டிக் காட்டி ஆட்டத்தைக் கெடுக்கிறார்கள் என்று ஆண்கள் கொதித்தார்கள். கேமராவைத் திருப்பியது அவர் இல்லை. கேமரா எங்கோ தூரத்தில் இருக்கிறது, எப்போது தன்னைக் காட்டுகிறார்கள் என்பதே தனக்குத் தெரியாது என்று அவர் ஒரு பேட்டியில் சொன்னார். 2014 செப்டம்பரில் யூ2 குழுவின் புது ஆல்பத்தை ஆப்பிள் நிறுவனம் கோடிக்கணக்கான பேரின் ஐடியூன்ஸ் கணக்கில், கேட்காமலேயே இலவசமாகச் சேர்த்துவிட்டது. ஓசியில் கிடைத்த பாட்டுக்கு அவ்வளவு கோபத்தை உலகம் பார்த்ததில்லை. அதை அழிப்பதற்கென்றே ஒரு தனிப் பக்கம் திறக்க வேண்டியதாயிற்று, மன்னிப்புக் கேட்டவர் பாடகர் போனோ.

பாடகர்களெல்லாம் ஒன்றும் அறியாத பிள்ளைகள் என்று நான் சொல்லவரவில்லை. வீட்டு மனை விற்கச் சொல்லி அவர் கையை யாரும் பிடித்து இழுக்கவில்லை. பாட்டோடு சேர்த்து மூஞ்சியையும் விற்றுவிட்டால், பாட்டு அலுக்கிற நாளில் மூஞ்சியும் சேர்ந்துதான் அடிபடும். அப்பா ஸ்பீக்கரைத்தான் மரத்தில் கட்டினார், பாடகரின் படத்தைக் கட்டவில்லை. அந்த வித்தியாசத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நடுவில் யாராவது வயரைப் புடுங்கினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2017 மார்ச்சில் எட் ஷீரனின் ஒரே ஆல்பத்தின் 16 பாட்டுகளும் பிரிட்டனின் முதல் இருபதுக்குள் நின்றன. அந்த ஜூலையிலிருந்து ஒருவருக்கு மூன்று பாட்டுக்கு மேல் பட்டியலில் இடமில்லை என்று விதியே மாற்றினார்கள். அதே ஜூலையில் நம் ஊரில் ‘டெஸ்பாசிடோ’ என்ற ஸ்பானிஷ் பாட்டை அரசாங்கத்தின் ஆர்டிஎம் வானொலியிலும் டிவியிலும் ஒலிபரப்பக் கூடாது என்று அரசாங்கம் நிறுத்தியது. காரணம் அலுப்பு இல்லை, வரிகள் ஆபாசம் என்பது. அதுவரை பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், போன் கவர் விற்கிற பையன் அதைப் போட்டாலே முகம் சுளித்த என் அம்மா, செய்தியைக் கேட்டுவிட்டு, “அதுல அப்புடி என்னடா இருக்கு, போடு கேப்போம்” என்றார். போட்டேன். ஸ்பானிஷ் ஒரு சொல் தெரியாது. முழுசாகக் கேட்டுவிட்டு, “ராகம் நல்லாத்தான்டா இருக்கு” என்றார்.

போன மாதம் ஒரு சடங்கு, எங்கள் தாமான் மண்டபத்திலேயே. அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. காது கொஞ்சம் மந்தம், வீட்டில் இருக்கப் பிடிக்காமல் எங்களோடு வந்து மிக்சர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். கோப்பி யாராவது கொடுத்தால் போதும். அன்றும் அந்தப் பாட்டு, பிள்ளைகள் கேட்டுக் கேட்டு, நான்காவது முறை. நான் ஒயர் லூசாக இருந்த ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்திருந்தேன். நடுவயது ஆள் ஒருவர் வேகமாக மேடைப் பக்கம் வருவது காலை மட்டும் வைத்துத் தெரிந்தது. “யாரு இங்க பாட்டுப் போடுறது? சும்மா சும்மா அந்த ஆளு...” என்று ஆரம்பித்தார். நான் நிமிர்வதற்குள் அப்பா கோப்பிக் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். என்ன பாட்டு ஓடுகிறது என்றுகூட அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது.

“நான்தான் தம்பி. சரி, சரி, மாத்திடறேன்.”

அந்த ஆள் அப்பாவைப் பார்த்தார். “பரவாயில்லைங்க ஐயா, உக்காருங்க” என்றார். “கொஞ்சம் சவுண்டு மட்டும் கொறைங்க.”